எலக்டோன் வாசித்துப் பிழைக்க முடியுமா?

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் டோக்கியோவில் நிஷி-கசாயில் இருக்கிறோம். கணவருக்கு ஐ.டி. வேலை. மகளுக்கு 14 வயது, இங்கேயே ஜப்பானியப் பள்ளியில் படிக்கிறாள். ஐந்து வயதில் பக்கத்து இசை வகுப்பில் விளையாட்டாகச் சேர்த்துவிட்டோம். அது எலக்டோன் என்ற மின்னணு ஆர்கனில் வந்து நின்றுவிட்டது. போன வருடம் ஏதோ ஓர் ஆங்கிலப் பாட்டைக் கேட்டு, அதன் மெட்டு ஷிகெயோ செகிதோ என்ற ஜப்பான்காரருடையது என்று தேடிக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து, "நானும் அவர மாதிரி எலக்டோன் வாசிச்சு, சொந்தமா மெட்டுப் போடப் போறேன்" என்கிறாள். "இப்படி ஒரு வேலையே உலகத்தில் கிடையாது" என்பது வீட்டுக்காரர் கட்சி. இரண்டு மூன்று வருடத்தில் சென்னைக்குத் திரும்பினாலும் திரும்புவோம். அந்த மனிதர் செய்த தொழில்தான் என்ன? அதில் பிழைக்க முடியுமா? இப்போதே பியானோவுக்கு மாற்றிவிடலாமா?
- ஒரு தாய், டோக்கியோ

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. "செகிதோ மாதிரி ஆவது" என்று ஒரு வேலை கிடையாது. ஆனால் எலக்டோனைச் சுற்றி ஜப்பானில் பல வேலைகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. உங்கள் மகள் காதில் விழுந்தது அவற்றில் ஒன்றின் எதிர்பாராத எச்சம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

செகிதோவின் பெயரை இன்று உலகம் அறிந்திருப்பது நான்கு இசைத்தட்டுகளால். 1975 முதல் 1977 வரை நிப்பான் கொலம்பியா வெளியிட்ட வரிசை அது. அதன் ஜப்பானியத் தலைப்பை "எழில் கொஞ்சும் எலக்டோன்" என்று நம் மொழியில் சொல்லிக்கொள்ளலாம். தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது, கவனித்தீர்களா? ஆளைவிட வாத்தியம்தான் அங்கே நட்சத்திரம். "இந்த ஒற்றைப் பெட்டிக்குள் என்னென்ன ஒலி இருக்கிறது, கேளுங்கள்" என்று சொல்லும் தட்டுகள். பிறருடைய மெட்டுகளும் அதில் உண்டு, அவருடைய சொந்த ஆக்கங்களும் உண்டு. அந்தச் சொந்த ஆக்கங்களில் ஒன்றுதான் "தி வேர்ட் 2". நிதானமான வேகம், சில வரிகளே உள்ள மெட்டு, அடியில் அவசரமில்லாமல் நகரும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்). அவ்வளவுதான்.

அந்த மெட்டு 39 வருடம் கழித்து 2014-இல் கனடாக்காரர் மேக் டிமார்கோவின் "சேம்பர் ஆஃப் ரிஃப்ளெக்‌ஷன்" பாட்டுக்கு முதுகெலும்பாக வந்தது. உங்கள் மகள் கேட்டது இதுவாகத்தான் இருக்க வேண்டும். 2017-இல் டிராவிஸ் ஸ்காட்டும் குவேவோவும் சேர்ந்து போட்ட ராப் ஆல்பத்திலும் அதே மெட்டு தலைகாட்டியது. எலக்டோன் என்றால் என்னவென்றே தெரியாத கோடிக்கணக்கான பிள்ளைகள் அதைக் கேட்டுவிட்டார்கள். 1975-இல் அதை வாசித்தவர் இதற்காகத் திட்டம் போட்டிருக்க முடியுமா? இந்தப் பகுதியை யாரும் தொழிலாகத் தேர்ந்தெடுக்க முடியாது. மழை மாதிரி, வந்தால் வந்தது.

சரி, திட்டம் போட முடிந்த பகுதிக்கு வருவோம்.

எலக்டோன் என்பது பொதுப்பெயர் இல்லை, யமஹாவின் வணிகப்பெயர். கைக்கு மேல், கீழ் என இரண்டு வரிசைக் கட்டைகளும் காலுக்குப் பெடல் கட்டைகளும் உள்ள மின்னணு ஆர்கன். முதல் மாடலான டி-1 வந்தது 1959 டிசம்பரில். பழைய ரேடியோ வால்வு இல்லாமல் முழுக்க டிரான்சிஸ்டரில் செய்தது. மற்ற கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. கவாய் "டோரிமாதோன்" என்று போட்டது, விக்டர் "விக்டரோன்" என்று, மட்சுஷிதா "டெக்னிதோன்" என்று. இந்தப் பெயர்கள் எதுவும் இன்று புது வாத்தியமாகக் கடையில் கிடைக்காது. எலக்டோன் மட்டும் நின்றதற்குக் காரணம் ஒலியின் தரம் மட்டுமல்ல. வாத்தியத்தோடு கூடவே ஒரு பள்ளிக்கூடத்தையும் யமஹா விற்றது. 1954-இல் டோக்கியோ கின்ஸாவில் சோதனை முயற்சியாக ஆரம்பித்த இசை வகுப்பு பின்னால் நாடு முழுக்கப் பரவியது. 1966-இல் அதற்கென்று தனி அறக்கட்டளையே வந்துவிட்டது. பாடப்புத்தகம், கிரேடு தேர்வு, போட்டிகள், எலக்டோனுக்கென்றே மாத இதழ் என்று ஒரு தனி உலகம். உங்கள் மகள் ஐந்து வயதில் நுழைந்தது அந்த உலகத்துக்குள்தான்.

அந்த உலகத்துக்குள் சம்பளம் யார் யாருக்கு?

பெரும்பான்மை ஆசிரியர்கள். இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. எலக்டோனை நன்றாக வாசிக்கும் பத்துப் பேரைப் பிடித்து விசாரித்தால், கற்றுக்கொடுத்துச் சம்பாதிப்பவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்பது என் அனுபவக் கணிப்பு. அடுத்தது "டெமான்ஸ்ட்ரேட்டர்". புது மாடல் வரும்போது ஊர் ஊராகப் போய்க் கடையிலும் அரங்கத்திலும் வாசித்துக் காட்டுபவர். நம்மூரில் இந்தச் சொல்லைக் கேட்டால் மிக்ஸி விற்க வருபவர் ஞாபகம் வரும். அங்கே அது மரியாதையான மேடை. இந்த வாத்தியத்தின் பெரிய பெயர்கள் பலவும் கம்பெனியின் மேடைகளில் வளர்ந்தவைதான். அப்புறம் பிரபல பாட்டுகளை எலக்டோனுக்கு ஏற்றபடி எழுதிக்கொடுக்கும் அரேஞ்சர்கள். புத்தகமும் ஒலித்தரவும் சேர்த்து விற்பனையாகும். கல்யாண மண்டபங்களில் மணப்பெண் நுழையும் நேரம் பார்த்து, அவள் நடை எத்தனை மெதுவாக இருந்தாலும் அதற்கேற்ப நீட்டிச் சுருக்கி வாசிப்பவர்கள் இன்னொரு கூட்டம். சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். அந்த வேலையில் பழகிய கை எந்த ரீ-ரெக்கார்டிங் மேடையிலும் தடுமாறாது.

எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று உண்டு. முழு ஆர்கெஸ்ட்ராவுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத சிறிய ஓபரா குழுக்கள், மேடைக்கு முன்னால் உள்ள இசைக்குழுக் குழியில் ஓரிரு எலக்டோன் கலைஞர்களை உட்கார வைத்துவிடுகிறார்கள். வயலின் கூட்டம் மேல்வரிசையில், கொம்புகள் கீழ்வரிசையில், டபுள் பாஸ் காலில். யூகி காண்டா போன்றவர்கள் தனியாளாக ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவின் வேலையை மேடையில் செய்து காட்டியே பெயர் வாங்கியிருக்கிறார்கள். இந்த வேலைக்கு விரல் வேகம் மட்டும் போதாது. ஆர்கெஸ்ட்ராவின் முழு ஸ்கோரைப் படித்து, எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்கத் தெரிய வேண்டும். அங்கே வாசிப்பவரும் இசையமைப்பாளரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள்.

ஒரு நல்ல கலைஞர் வாசிக்கும்போது கையைப் பார்க்காதீர்கள், காலைப் பாருங்கள். நான் முதன்முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது வாயடைத்துப் போனேன். இடது கால் பெடல் கட்டைகளில் பேஸ் வாசிக்கிறது, குதிகாலும் நுனியும் மாறி மாறி. வலது கால் எக்ஸ்பிரஷன் பெடலில் ஒலியை ஏற்றி இறக்குகிறது. அந்தப் பெடலின் ஓரத்தில் சின்னதாக ஒரு சுவிட்ச். கால் நுனியால் அதை ஒரு தட்டு தட்டினால், அதுவரை புல்லாங்குழலாக இருந்த மேல்வரிசை அடுத்த ஸ்வரத்தில் டிரம்பெட். இத்தனைக்கும் நடுவில் முழங்கால் பக்கவாட்டில் ஒரு நெம்புகோலைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒலி மாறும் அந்த இடங்களை எல்லாம் முன்கூட்டியே வரிசையாகச் சேமித்து வைத்திருப்பார்கள். "ரெஜிஸ்ட்" என்று செல்லமாகச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டில் "ரெஜிஸ்ட் இன்னும் முடிக்கல" என்று உங்கள் மகள் புலம்புவது காதில் விழுந்திருக்கும்.

அந்த ரெஜிஸ்டில்தான் நான் சொல்ல வந்த விவகாரமே இருக்கிறது.

வயலின் முந்நூறு வருடமாக வயலின்தான். எலக்டோன் அப்படியில்லை. சில வருடங்களுக்கு ஒரு தரம் சட்டை மாற்றிக்கொள்ளும். 70-களில் ஜிஎக்ஸ்-1 என்று ஒரு ராட்சதன் வந்தது. பெடல், தாங்கி எல்லாம் நீங்கலாகவே சுமார் 300 கிலோ. ஸ்டீவி வொண்டரும் கீத் எமர்சனும் வாங்கி வைத்திருந்தார்கள். அதன் சரக்கைச் சுருக்கித்தான் சிஎஸ்-80 சிந்தசைசர் பிறந்தது. 1982-இல் வந்த "பிளேடு ரன்னர்" படத்துக்கு வான்கெலிஸ் வாசித்த அதே கருவி. பிறகு ஓர் ஒலி அலையால் இன்னொன்றை மாற்றிப் புது ஒலி உண்டாக்கும் எஃப்எம் தொழில்நுட்பம் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. 80-களில் சென்னை ஸ்டூடியோக்களில் நாங்கள் விழுந்து விழுந்து வாசித்த டிஎக்ஸ்7 சிந்தசைசரும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். 1987-இல் எச்எஸ் வரிசை, 1991-இல் இஎல்-90, 2004-இல் ஸ்டேஜியா, 2014-இல் அதன் அடுத்த தலைமுறை. ஒலியைச் சேமிக்கும் பொருளும் கூடவே மாறியது: முதலில் ஒரு சிறு மெமரி பெட்டி, பிறகு ஃப்ளாப்பி, இப்போது யுஎஸ்பி. ஒவ்வொரு முறை மாறும்போதும் பழைய மாடலுக்கென்று ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்த ஒலிகள் புதியதில் அப்படியே பேசாது. திரும்ப முதலிலிருந்து வேலை.

இது எனக்கே நேர்ந்ததுதான், எலக்டோனில் இல்லை, என் கீபோர்டில். 90-களில் மேடைக் கச்சேரிகளுக்காக நான் செய்து வைத்த ஒலிகள் ஒரு ஷூ பெட்டி நிறைய ஃப்ளாப்பிகளில் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. பெட்டி நனையவில்லை, ஆனால் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்துவிட்டது. சில மாதம் கழித்துப் போட்டுப் பார்த்தால் ஒன்றும் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் பயனில்லை என்று பிறகுதான் உறைத்தது. அந்தக் கீபோர்டே பழுதாகி, உதிரிபாகம் கிடைக்காமல் மூலையில் கிடந்தது. மிஞ்சியது கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதி வைத்த மெட்டுகள் மட்டும். அவற்றில் இரண்டை இன்றும் என் மாணவர்கள் வாசிக்கிறார்கள்.

செகிதோ விஷயத்தில் நடந்ததும் இதுதான் அல்லவா? டிமார்கோவுக்கு அந்தக் கால எலக்டோன் தேவைப்படவில்லை, மெட்டும் அதன் அடியில் நகரும் கார்டுகளும் போதுமானதாக இருந்தன. அன்று அந்தத் தட்டு விற்க வந்தது வாத்தியத்தின் பளபளப்பை. அந்த மாடலை இன்று யாரும் தேடவில்லை. நடுவே சத்தமில்லாமல் ஏறிக்கொண்ட சொந்த மெட்டுதான் ஊர் போய்ச் சேர்ந்தது.

அதனால் உங்கள் மகளிடம் "எலக்டோனை விடு" என்று சொல்லாதீர்கள். "ரெஜிஸ்ட்டை முடித்துவிட்டாயா" என்று கேட்பதற்குப் பதிலாக, "இந்த வாரம் என்ன எழுதினாய்" என்று கேளுங்கள். காகிதத்தில் எழுதியதா என்பது முக்கியம். கம்ப்யூட்டரில் நொட்டேஷன் எழுதும் மென்பொருளில் செய்தாலும் சரி. அந்த எலக்டோன் இல்லாத ஊரில், வேறொருவர் பியானோவிலோ கிட்டாரிலோ எடுத்து வாசிக்கும்படி இருக்க வேண்டும்.

அவளுக்கு இப்போதே ஒரு வாசல் திறந்திருக்கிறது, அதற்கு வயது வரம்பும் இருக்கிறது. யமஹா வகுப்புப் பிள்ளைகள் தங்கள் சொந்த ஆக்கங்களைத் தாங்களே வாசிக்கும் "ஜூனியர் ஒரிஜினல் கான்சர்ட்" 1972 முதல் நடக்கிறது. 15 வயது வரைதான். உங்கள் மகளுக்கு 14. ஆசிரியையிடம் இந்த வாரமே பேசுங்கள். மேடை ஏறுவது இரண்டாம்பட்சம். அதற்கான தயாரிப்பில் ஓர் ஆசிரியர் உட்கார்ந்து, "இந்த இரண்டாவது பகுதி ஏன் இங்கே வருகிறது?" என்று கேட்பார் பாருங்கள், அந்தக் கேள்விக்காகவே போகலாம்.

கிரேடு தேர்வை விட வேண்டாம். 10-இல் தொடங்கி 6 வரை மாணவர் நிலை, எண் குறையக் குறையக் கடினம். 5, 4, 3 ஆசிரியர் நிலை. 5 என்பதுதான் தொழில் வாசல்படி. இந்தத் தேர்வுகளில் எனக்குப் பிடித்தது, கொடுத்த சிறு மெட்டை அங்கேயே வளர்த்து வாசிக்கச் சொல்வார்கள். மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது. இசையமைப்பாளராக வேண்டும் என்பவளுக்கு இதைவிடப் பயிற்சி என்ன வேண்டும்?

பியானோவுக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம், சேர்த்துக்கொள்ளுங்கள். எலக்டோன் கட்டையின் எடை வேறு, பியானோவின் எடை வேறு. எலக்டோன் மட்டுமே வாசித்த பிள்ளைகளுக்குப் பியானோவில் விரல் பலம் போதாமல் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வாரம் ஒரு வகுப்பு போதும். இசைக் கல்லூரிக்குப் போவதாக இருந்தால் பின்னால் கைகொடுக்கும். கல்லூரி என்றால், உங்களுக்கு ரொம்பத் தூரமில்லை. கவாசாகியில் சென்ஸோகு காகுயென் இசைக் கல்லூரி, அதே கவாசாகியில் ஷோவா இசைப் பல்கலைக்கழகம், இரண்டிலுமே எலக்ட்ரானிக் ஆர்கன் படிப்பு இருந்து வந்திருக்கிறது. வரும் ஆண்டுகளில் அந்தப் படிப்பு எந்த வடிவில் தொடர்கிறது என்பதைக் கல்லூரியை வெளியாட்கள் பார்வையிட அனுமதிக்கும் நாளில் நேரில் போய்க் கேளுங்கள். பிள்ளைகள் எண்ணிக்கை குறையும் நாட்டில் பாடப்பிரிவுகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. அங்கே படிக்கும் மாணவர்களைத் தனியாகப் பிடித்து, "உங்கள் சீனியர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?" என்று உங்கள் மகளே ஜப்பானிய மொழியில் கேட்கட்டும். விளம்பரப் புத்தகத்தில் வராத பதில் கிடைக்கும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உங்கள் மகளின் விசா குடும்ப விசா என்றால், அனுமதி வாங்கினாலும் வாரம் 28 மணி நேரத்துக்கு மேல் சம்பள வேலை செய்ய முடியாது. பள்ளி, கல்லூரி முடித்த பின் எந்த விசாவுக்கு மாறலாம் என்பதை அதற்கான வழக்கறிஞரிடமோ குடிவரவு அலுவலகத்திலோ முன்னாலேயே விசாரித்து வையுங்கள். இசைத் தொழிலில் நிரந்தரச் சம்பளக் கடிதம் குறைவு, தனித்தனி ஒப்பந்தம் அதிகம். விசா கேட்கும் காகிதங்களுக்கு அது ஒத்துப்போகாது.

சென்னைக்குத் திரும்பினால்? எலக்டோனைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருவதைப் பற்றி யோசிக்கவே யோசிக்காதீர்கள். ஜப்பான் மாடல் 100 வோல்ட்டில் ஓடுவது, நம்மூர் 230. டிரான்ஸ்ஃபார்மர் வைத்துச் சமாளித்தாலும், ஏதாவது ஒரு கட்டை வேலை செய்யாமல் போனால் பிரித்துப் பார்க்க ஆள் கிடைக்காது. இந்தியாவில் எலக்டோன் சொல்லிக்கொடுக்கும் அமைப்பும் பெயருக்குக்கூட இல்லை. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியாவில் உண்டு. நம் தமிழ்ப் பிள்ளைகளே அங்கே வாசிக்கிறார்கள். சென்னையில் நடப்பது பியானோ, கீபோர்டுக்கான லண்டன் டிரினிட்டி தேர்வுகளும் ஏபிஆர்எஸ்எம் தேர்வுகளும்தான். பியானோவைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். எலக்டோனில் கிடைத்த அறிவு வீணாகாது. இரண்டு கையும் இரண்டு காலும் சேர்ந்து நான்கு குரலில் யோசிக்கப் பழகிய பெண், இங்கே எந்த இசையமைப்பாளரிடமும் ஒலிகளைக் கோத்துக் கொடுக்கும் புரோகிராமராகச் சேரலாம். எங்கள் தொழிலில் கார்டு தெரிந்தவர் நிறைய. ஒரு வரி டபுள் பாஸை அழகாக நடத்தத் தெரிந்தவர் குறைவு.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. 14 வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு என்று நினைக்காதீர்கள், செகிதோ கதையே இதைத்தான் கையில் எடுத்துக் கொடுக்கிறது. ஒரு தட்டில் இரண்டு உரிமைகள் உண்டு: மெட்டு ஆக்கியவருடையது ஒன்று, பதிவு செய்த ஒலிநாடாவுடையது இன்னொன்று. பின்னது பெரும்பாலும் கம்பெனியிடம் இருக்கும். யாராவது பதிவையே வெட்டி எடுத்துப் போட்டால் இரண்டு பேரிடமும் அனுமதி கேட்க வேண்டும். மெட்டைத் தானே வாசித்துப் பயன்படுத்தினால் ஆக்கியவர் பக்கத்து அனுமதி போதும். ஜப்பானில் ஆக்கியவர் பக்கத்துப் பணத்தை வசூலிப்பதில் பெரிய அமைப்பு ஜாஸ்ராக், 1939 முதல் இருக்கிறது. போட்டி விண்ணப்பமோ பதிவு ஒப்பந்தமோ எது வந்தாலும், மெட்டு யார் பேரில் நிற்கிறது என்ற வரியைக் கண்டுபிடித்துப் படித்த பிறகே உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போடட்டும். ஐ.டி. ஒப்பந்தம் படித்த கண்ணுக்கு இது கஷ்டமே இல்லை.

கடைசியாக, ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் ஷின்கான்சென் ஏறி ஹமாமட்சு போய் வாருங்கள். 1887-இல் டொராகுசு யமஹா என்ற மனிதர் பள்ளிக்கூடத்து ரீட் ஆர்கன் ஒன்றைப் பழுது பார்த்ததில் யமஹா கம்பெனியின் கதை தொடங்கிய ஊர் அது. ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் மாநகராட்சியின் இசைக்கருவி அருங்காட்சியகம் இருக்கிறது. யமஹா தலைமையகத்திலேயே "இன்னோவேஷன் ரோடு" என்று ஒரு காட்சிக்கூடம் உண்டு, அதற்கு முன்பதிவு செய்ய வேண்டும். பழைய எலக்டோன்களுக்கு முன்னால் மகள் செகிதோவை நினைத்துக்கொண்டு நிற்பாள். வீட்டுக்காரர், ட்ரான்சிஸ்டர் காலத்தில் ஒரு பெட்டிக்குள் இத்தனை ஒலியை எப்படி அடைத்தார்கள் என்று பலகையில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே நிற்பார். அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே வருவதுதான் உங்களுக்குச் சிரமமாக இருக்கும்.

மகள் எழுதிய மெட்டு ஏதாவது இருந்தால் ஒரு பக்கம் மட்டும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒலிப்பதிவு வேண்டாம். என் வீட்டுப் பழைய பியானோவில் வாசித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.